அணைக்கவே கூடாத ரவுட்டர்

வீட்டில் இன்டர்நெட் நின்றால் முதல் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். ரவுட்டரை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட வேண்டும். பாதி நேரம் சரியாகிவிடும். இணையச் சேவை தரும் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சில் நிற்கும் ரவுட்டருக்கு இந்த வைத்தியம் செல்லாது. அதன் வழியே பல ஊர்களின் பிராட்பேண்டு, செல்போன் கோபுரங்கள், வங்கிக் கிளைகளின் தனி லைன்கள், ஆம்புலன்ஸ் அழைப்புகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அணைத்துப் போட்டால் அத்தனையும் நிற்கும். அது முழுதாக எழுந்து, பக்கத்து ரவுட்டர்களிடம் பாதைகளைக் கேட்டறிந்து, மறுபடி வேலைக்குத் தயாராகப் பல நிமிடங்கள் பிடிக்கும்.

ஆனால் அதுவும் இயந்திரம்தானே. கார்டு கெடும். மின்விசிறி நிற்கும். மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை தெரியவரும். சில வருஷங்களில் டிராஃபிக் இரட்டிப்பாகும். ஆகவே அணைக்காமலே பழுது பார்க்க வேண்டும், அணைக்காமலே பெரிதாக்கவும் வேண்டும். இந்த நிபந்தனைக்குப் பிறந்ததுதான் மாடுலர் ரவுட்டர். விற்க வருகிறவர்கள் முதலில் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். வேகம் இரண்டாம்பட்சம் என்பது என் கட்சி. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

ரேக்கின் முன்னால் நின்று பார்த்தால் தெரிவது சேசிஸ் என்கிற இரும்புக் கூடு. அதில் வரிசையாக ஸ்லாட்டுகள். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒரு கார்டு செருகியிருக்கும். ஃபைபர் கேபிள்கள் வந்து சேரும் கார்டுகள் லைன் கார்டுகள். எண்ணிக்கையில் இவைதான் அதிகம். இரண்டு கார்டுகள் மட்டும் வேறு மாதிரி இருக்கும். அவற்றில் ஃபைபர் கூட்டம் இருக்காது. ஒரு கன்சோல் போர்ட், ஒரு மேனேஜ்மென்ட் போர்ட், சில விளக்குகள், அவ்வளவுதான். அவை ரவுட் பிராசசர்கள். எந்த ஊருக்கு எந்த வழி என்று முடிவு செய்கிற வேலை அவற்றுடையது. ஒன்று வேலை செய்யும், மற்றது தயாராகக் காத்திருக்கும். லைன் கார்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஃபேப்ரிக் கார்டுகள் பெரும்பாலும் பின்பக்கம் ஒளிந்திருக்கும். கீழேயோ மேலேயோ பவர் சப்ளைகள். அவற்றை ஒட்டி, டிராயர் போல இழுத்து எடுக்கக்கூடிய மின்விசிறித் தட்டுகள்.

இதில் எந்தப் பாகத்தையும் மற்றவை ஓடும்போதே உருவிப் புதிதைச் செருகலாம். சொல்வதற்கு எளிது. ஆயிரக்கணக்கான மின்தொடர்புகளோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பலகையில் இன்னொரு பலகையைச் செருகும்போது ஒரு சிறு மின்துள்ளல் போதும், பக்கத்துக் கார்டுகளையும் கவிழ்த்துவிடும். அதற்காக ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. கார்டின் பின்புறக் கனெக்டரை உற்றுப் பார்த்தால் ஊசிகளெல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது. தரையிணைப்பு ஊசிகள் கொஞ்சம் நீளம். கார்டு உள்ளே போகும்போது முதலில் தொடுபவை அவைதான். பிறகு மின்சாரம் தொடும், கடைசியாகத் தகவல் ஊசிகள். உருவும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். மில்லிமீட்டர் கணக்கிலான இந்த வித்தியாசம்தான் ரவுட்டரை அணைக்காமல் கார்டை மாற்ற வழிசெய்கிறது. பொறியாளர் செய்ய வேண்டியது மூன்று: மணிக்கட்டில் தரைப்பட்டி கட்டுவது, கார்டின் இரு ஓரத்து நெம்புகோல்களையும் ஒரே சமயத்தில் மடக்குவது, அவசரப்படாமல் இருப்பது. செருகிய கார்டு உடனே வேலைக்கு வராது. ரவுட் பிராசசரிடமிருந்து மென்பொருளை வாங்கி, பாதை அட்டவணையின் நகலை இறக்கிக்கொண்டு, தன்னைத் தானே சோதித்துக்கொண்ட பிறகே அதன் போர்ட்டுகள் உயிர் பெறும்.

மின்சாரத்திலும் இதே கவனம். தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் காலத்திலிருந்து வரும் மைனஸ் 48 வோல்ட் டி.சி.யில்தான் இன்றைக்கும் பல பெரிய ரவுட்டர்கள் ஓடுகின்றன. மின்வாரியத்தின் சப்ளை போனாலும் பேட்டரி நேரடியாகத் தாங்கும் என்பது வசதி. ஏ, பி என்று இரண்டு தனித்தனி மின்தடங்கள் வரும். ஒன்று முழுதாகப் போனாலும் மற்றது முழுச் சுமையையும் இழுக்க வேண்டும். இரண்டு பவர் சப்ளைகளையும் ஒரே பிரேக்கரில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. அது வேறு கதை.

காலி ஸ்லாட்டுகளை மூடிவைக்கும் தகரப் பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழகுக்காக வைத்தது என்று நினைத்துப் பலர் கழற்றிவிடுவார்கள். விசிறி இழுக்கும் காற்று எதிர்ப்பு குறைந்த வழியைத்தான் தேடும். ஒரு ஸ்லாட் திறந்து கிடந்தால் காற்றெல்லாம் அதன் வழியே ஓடிவிடும், நெருக்கமாகச் சில்லுகள் நிரம்பிய பக்கத்துக் கார்டு வெந்துபோகும்.

இரண்டு வேலை, இரண்டு இடம்

இந்தக் கட்டமைப்பின் உயிர்நாடி, ரவுட்டரின் இரண்டு வேலைகளையும் பிரித்து வைத்ததுதான். வழியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. வந்த பாக்கெட்டை அந்த வழியில் தள்ளுவது இன்னொரு வேலை.

இரண்டாவது வேலையின் வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ஜிகாபிட் போர்ட் ஒன்றில் மிகச் சிறிய 64 பைட் ஈத்தர்நெட் ஃபிரேம்கள் இடைவிடாமல் வந்தால், விநாடிக்கு 14.88 கோடி. அதாவது ஒரு பாக்கெட்டுக்கு 6.7 நானோவிநாடி. அதற்குள் முகவரியைப் படித்து, லட்சக்கணக்கான பதிவுகள் கொண்ட அட்டவணையில் மிகப் பொருத்தமான வரியைத் தேடி, எந்த வாசல் வழியாக வெளியேற்றுவது என்று முடிவெடுத்தாக வேண்டும். ஃபைபருக்குள் ஒளியே அந்த நேரத்தில் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நகர்ந்திருக்கும். இப்படிப் பல போர்ட்டுகள் ஒரே கார்டில் இருக்கும்போது, பொதுப் பயன்பாட்டுக் கணினிச் சில்லு ஒன்றின் மென்பொருள் திணறிவிடும். இதற்கென்றே செதுக்கிய சில்லு வேண்டும், அது ஒவ்வொரு லைன் கார்டிலும் இருக்க வேண்டும்.

முதல் வேலைக்கு அந்த வேகம் தேவையில்லை. பிஜிபி போன்ற நெறிமுறைகளில் பக்கத்து ரவுட்டர்களோடு பேசி, எந்த வலையமைப்புக்கு யார் வழியாகப் போகலாம் என்று விவரம் சேகரித்து, நிறுவனத்தின் கொள்கைப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குச் சாதாரண கணினி போதும். ரவுட் பிராசசர் என்பது உண்மையில் கார்டு வடிவில் இருக்கும் ஒரு கணினிதான். முடிவான அட்டவணையின் சுருக்கப் பிரதியை அது ஒவ்வொரு லைன் கார்டுக்கும் அனுப்பிவிடும். அதன் பிறகு லைன் கார்டு யாரையும் கேட்காமல் பாக்கெட்டுகளைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

இந்தப் பிரிவினையைப் பளிச்சென்று செய்துகாட்டி சந்தையில் இறங்கிய இயந்திரம் ஜூனிப்பர் நிறுவனத்தின் எம்40. ஐஐடி கான்பூரில் படித்து, ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் வேலை பார்த்த பிரதீப் சிந்து 1996இல் தொடங்கிய நிறுவனம் அது. 1998 செப்டம்பரில் வெளிவந்த எம்40, தனிச் சில்லுகளை வைத்து விநாடிக்கு 4 கோடி பாக்கெட்டுகளைத் தள்ளியது. வழி கண்டுபிடிக்கும் வேலை, ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்ட ஜூனோஸ் மென்பொருள் ஓடும் தனிக் கணினியிடம். பெரிய ரவுட்டர் சந்தை ஏறக்குறைய முழுவதும் சிஸ்கோவின் கையில் இருந்த காலம் அது. அதுவரை ஒரே கம்பெனியிடம் வாங்கிவந்தவர்கள்கூட இந்தப் புதிய பெட்டியை வாங்கிப் பார்த்தார்கள்.

பிரித்து வைத்ததால் கிடைத்த பெரிய லாபம் வேகத்தில் இல்லை. ரவுட் பிராசசர் செத்தாலும் லைன் கார்டுகள் கடைசியாக வாங்கிய அட்டவணையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் ஓடும். அதற்குள் காத்திருந்த இரண்டாவது பிராசசர் பொறுப்பேற்றால் போதும். ஆனால் ஒரு சிக்கல். பக்கத்து ரவுட்டர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்ளும்? பேச்சு நின்றுவிட்டால் "இவன் போய்விட்டான்" என்று முடிவு செய்து, டிராஃபிக்கை வேறு வழியில் திருப்பிவிடும். அந்தச் செய்தி அடுத்தடுத்த ரவுட்டர்களுக்கும் பரவும். இதற்கு இரண்டு வகை ஏற்பாடு செய்தார்கள். ஒன்று, "நான் திரும்பி எழுந்துகொண்டிருக்கிறேன், அதுவரை பழைய பாதையிலேயே அனுப்பு" என்று பக்கத்தாரிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் போடுவது. மற்றது, காத்திருக்கும் பிராசசரும் எல்லாப் பேச்சுவார்த்தைகளின் நிலையையும் அதே கணத்தில் தன்னிடம் பதிந்துகொண்டே வருவது. அப்படியானால் மாற்றம் நடந்ததே பக்கத்தாருக்குத் தெரியாது. இரண்டாவது முறை மேலானது. ஆனால் முதல் பிராசசரைக் கவிழ்த்த அதே தவறான தகவல் இரண்டாவதிலும் அப்படியே பதிந்து, அதையும் கவிழ்க்க வாய்ப்புண்டு.

சந்திப்பு நெரிசல்

லைன் கார்டுகளுக்கு நடுவே இருக்கும் ஃபேப்ரிக்கைப் பற்றி விற்பனைக் கையேடுகள் ஒரு வரியில் முடித்துவிடும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி.

ஒரு கார்டில் நுழைந்த பாக்கெட் இன்னொரு கார்டு வழியே வெளியேற வேண்டும். ஒரே நேரத்தில் பல கார்டுகள் ஒரே வாசலைக் கேட்கலாம். ஒவ்வொரு நுழைவாயிலிலும் ஒரே ஒரு வரிசை வைத்தால் என்ன ஆகும்? சந்திப்பில் வலதுபுறம் திரும்ப வேண்டிய லாரி சிக்னலுக்காக நிற்கும்போது, பின்னால் ஃப்ரீ லெஃப்டில் போக வேண்டிய பைக்காரரும் ஹாரனை அடித்துக்கொண்டு நிற்பாரே, அதுதான் ஆகும். முன்னால் இருக்கும் பாக்கெட்டின் வாசல் அடைபட்டிருந்தால், பின்னால் இருப்பதன் வாசல் திறந்திருந்தும் பயனில்லை. 1987இல் மார்க் கரோல் உள்ளிட்ட மூவர் இதைக் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். வாசல்களின் எண்ணிக்கை அதிகமாகி, பாக்கெட்டுகள் எல்லா வாசலுக்கும் சீராகப் போகும் நிலையில், இப்படிப்பட்ட ஃபேப்ரிக் தன் திறனில் 58.6 சதவீதத்துக்கு மேல் வேலை செய்யாது. இரண்டிலிருந்து இரண்டின் வர்க்கமூலத்தைக் கழித்தால் வரும் எண் அது. நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளில் நாற்பத்தோரு ரூபாய் வெறும் காத்திருப்பில் கரைகிறது.

தீர்வு, கேட்டவுடன் இதற்கா இத்தனை யோசித்தார்கள் என்று தோன்றும். ஒவ்வொரு நுழைவிலும், ஒவ்வொரு வெளிவாசலுக்கும் தனித்தனி வரிசை வைத்துவிடுவது. ஆனால் வரிசைகள் பெருகியதும் யாரை எப்போது விடுவது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் மிக மிகச் சிறிய ஒரு பங்குக்குள் தீர்மானிக்கும் சிக்கல் வந்தது. ஸ்டான்ஃபோர்டின் நிக் மெக்கியோன் இதற்கு வகுத்த ஐஸ்லிப் என்ற வழிமுறை, 1990களின் பிற்பாதியில் வந்த சிஸ்கோ 12000 ரவுட்டருக்குள் போனது. பாக்கெட்டுகளைச் சமஅளவுத் துண்டுகளாக நறுக்கி, எல்லா ஃபேப்ரிக் கார்டுகள் மீதும் தூவி, மறுபுறம் சேர்த்துக் கட்டுவது பெரிய ரவுட்டர்களின் வழக்கமானது. இதில் மறைந்திருக்கும் நன்மை: எட்டு ஃபேப்ரிக் கார்டுகளில் ஒன்று செத்தால் மிச்சம் ஏழு அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது. பகலிலேயே போய் மாற்றலாம்.

92 டெராபிட்டின் கதை

2004 மே மாதம் சிஸ்கோ, சிஆர்எஸ்-1 என்ற ரவுட்டரை வெளியிட்டது. முழு அளவுச் சேசிஸ் ஏழு அடி உயரம், 16 லைன் கார்டு ஸ்லாட்டுகள், ஸ்லாட்டுக்கு 40 ஜிகாபிட். விளம்பரத்தில் வந்த எண் 92 டெராபிட். கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. அந்த 92 எங்கிருந்து வந்தது? 72 லைன் கார்டு சேசிஸ்களை, 8 ஃபேப்ரிக் சேசிஸ்கள் வழியாகக் கோத்து ஒரே ரவுட்டராக ஓட்டினால் மொத்தம் 1152 ஸ்லாட். அதை 40ஆல் பெருக்கினால் 46 டெராபிட். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக எண்ணி இரண்டால் பெருக்கினால் 92. பொய் இல்லை. ஆனால் ஒரு சேசிஸ் வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஒரு திசைக்கு 640 ஜிகாபிட். 2010இல் வந்த சிஆர்எஸ்-3க்குச் சொன்ன 322 டெராபிட்டும் இதே பெருக்கல்தான். 40க்குப் பதில் 140 போட்டுப் பாருங்கள்.

கணக்கில் ஜாலம் இருந்தாலும், மாடுலர் என்ற சொல்லுக்கு சிஆர்எஸ் நியாயம் செய்தது. 2004இல் வாங்கிய அதே கூட்டில் 2010இல் ஸ்லாட்டுக்கு 140 ஜிகாபிட், 2013இல் சிஆர்எஸ்-எக்ஸ் வந்தபோது 400 ஜிகாபிட். ஒன்பது வருஷத்தில் பத்து மடங்கு. எந்த இடத்தில் நின்றதோ அங்கேயே நின்றது. ஆனால் என்ன மிஞ்சியது என்பதையும் பார்க்க வேண்டும். லைன் கார்டுகள் புதிது, ஃபேப்ரிக் கார்டுகள் புதிது. பழையதில் முக்கியமாக மிஞ்சியது கூடும், கார்டுகளை இணைக்கும் அதன் நடுப்பலகையும்தான். "எதிர்காலத்துக்கு இடம் இருக்கிறது" என்று பாதி காலியான சேசிஸை வாங்குகிறவர் இன்றைக்கு உண்மையில் வாங்குவது இரும்பையும், அதன் தடங்கள் நாளைய வேகத்தைத் தாங்கும் என்ற நம்பிக்கையையும்.

இடம் மட்டும் போதாது, நினைவகமும் வேண்டும் என்பதை உலகம் 2014 ஆகஸ்ட் 12 அன்று கற்றது. உலக இணையத்தின் ஐபிவி4 பாதைகளின் எண்ணிக்கை அன்று 5,12,000ஐத் தொட்டது. ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் தவறுதலாக ஆயிரக்கணக்கில் கூடுதல் பாதைகளை அறிவித்ததுதான் கடைசித் தள்ளு. சிஸ்கோ 6500, 7600 வகைப் பழைய பெட்டிகளில், பாதைகளைத் தேடும் டிகேம் என்ற சிறப்பு நினைவகத்தில் ஐபிவி4க்கு இயல்பாக ஒதுக்கிய இடம் 512கே பாதைகள். அதற்கு மேல் வந்த பாதைகளை வன்பொருள் ஏற்கவில்லை. அவற்றுக்கான பாக்கெட்டுகள் மெதுவான பிராசசரிடம் போய்க் குவிந்தன. பல நாடுகளில் இணையம் தள்ளாடியது. வேடிக்கை என்னவென்றால் நினைவகத்தில் மொத்த இடம் பற்றாக்குறை இல்லை. புதிய முகவரி முறையான ஐபிவி6க்கு என ஒதுக்கியதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். சிஸ்கோ சில மாதங்கள் முன்பே எச்சரித்தும் இருந்தது. ஆனால் அந்த மாற்றம் நடைமுறைக்கு வர ரவுட்டரை அணைத்துப் போட வேண்டும். யாருக்குத்தான் மனம் வரும்? இன்றைக்கு அந்த அட்டவணை பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது.

கார்டு காப்பாற்றாத இடம்

எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைத்தும் கவிழ்ந்த கதைக்குக் கனடாவுக்குப் போக வேண்டும். 2022 ஜூலை 8 அதிகாலை, ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பில் ஏழு கட்ட மேம்பாட்டுப் பணியின் ஆறாவது கட்டம் நடந்துகொண்டிருந்தது. விநியோக ரவுட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டி அமைப்பு நீக்கப்பட்டது. அது தடுத்துவைத்திருந்த பாதைத் தகவல்கள் அத்தனையும் மைய ரவுட்டர்கள் மீது பாய்ந்தன. தாங்க முடியாமல் அவை விழுந்தன. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சேவை நின்றது. 911 அவசர அழைப்புகள் பலருக்குப் போகவில்லை. கடைகளில் இன்டராக் அட்டைக் கட்டணம் வேலை செய்யவில்லை. ஒரு கார்டும் கெடவில்லை. ஒரு பவர் சப்ளையும் அணையவில்லை. காத்திருந்த உதிரிகள் மீதும் அதே தகவல்தான் பாய்ந்தது.

இன்னொன்றும் நடந்தது. ரவுட்டர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பே அந்த மைய ரவுட்டர்களை நம்பித்தான் இருந்தது. மையம் விழுந்ததும், அதைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களுக்கே உள்ளே நுழைய வழி இல்லை. ஊழியர்களின் போன்களும் அதே நிறுவனத்தின் சிம்மில் இருந்ததால் ஒருவரையொருவர் கூப்பிடக்கூட முடியவில்லை. போட்டி நிறுவனங்களின் சிம்களை அனுப்பிவைத்துத்தான் ஆட்களைத் தொடர்புகொண்டார்கள்.

ஆகவே, பெரிய ஒற்றைப் பெட்டிக்கு எதிரான வாதம் வலுவானது. பெட்டி பெரிதாக ஆக, அது விழும்போது இழுத்துச் செல்வதும் பெரிதாகும். இந்தப் பக்கம் சில்லுகளின் வளர்ச்சியும் வாதத்துக்குத் தெம்பு கொடுத்தது. 2019 டிசம்பரில் வந்த சிஸ்கோ 8201, ரேக்கில் ஒன்றேமுக்கால் அங்குல உயரம்தான் எடுக்கும். அதன் திறன் 10.8 டெராபிட். ஏழு அடி உயர சிஆர்எஸ்-1இன் ஒரு சேசிஸைப்போல ஏறத்தாழ 17 மடங்கு, இரண்டையும் ஒரு திசைக்கே எண்ணினால். கூடு எதற்கு, சின்னப் பெட்டிகளையே அடுக்கிவிடலாமே என்று கேட்கத்தானே தோன்றும்?

அமெரிக்காவின் ஏடி அண்டு டி அதைத்தான் கேட்டது. 2019இல் சேசிஸையே பிரித்துப்போடும் ஒரு வடிவமைப்பை, வன்பொருள் வடிவமைப்புகளைப் பொதுவில் பகிரும் ஓப்பன் கம்ப்யூட் அமைப்பிடம் கொடுத்தது. லைன் கார்டு ஒரு தனிப் பெட்டி, ஃபேப்ரிக் கார்டும் தனிப் பெட்டி, இரண்டையும் இணைக்கும் நடுப்பலகைக்குப் பதில் கேபிள்கள். சில்லு பிராட்காமின் ஜெரிகோ2. மென்பொருளை எழுதுவது வேறொரு நிறுவனம். லைன் பெட்டி ஒன்றில் வாடிக்கையாளர் பக்கம் 40 நூறு ஜிகாபிட் போர்ட், ஃபேப்ரிக் பக்கம் 13 நானூறு ஜிகாபிட் போர்ட். 48 லைன் பெட்டி, 13 ஃபேப்ரிக் பெட்டி சேர்ந்தால் 192 டெராபிட். இங்கே ஒரு திசைக் கணக்குதான். 2020இல் டிரைவ்நெட்ஸ் நிறுவனத்தின் மென்பொருளோடு இந்த ஏற்பாடு ஏடி அண்டு டியின் மைய வலையமைப்பில் ஓடத் தொடங்கியதாக அறிவித்தார்கள். ஒரே கம்பெனியின் கையில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி. ஆனால் பெருக்கிப் பாருங்கள்: 48 பெட்டி, தலைக்கு 13 என்றால் 624 கேபிள்கள். சேசிஸ் வாங்கினால் தொழிற்சாலையிலேயே முடிந்துபோகும் வேலையை இங்கே ஒருவர் குனிந்து நின்று, லேபிள் ஒட்டி, ஒவ்வொன்றாக மாட்டியாக வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒன்றைத் தவறாகப் பிடுங்காமலும் இருக்க வேண்டும்.

அப்படியானால் எது சரி? இடத்தைப் பொறுத்தது. வலையமைப்பின் நடுவில் ரவுட்டர்கள் எப்படியும் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். ஒன்று விழுந்தால் டிராஃபிக் மற்றதன் வழியே போகும். அங்கே ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எல்லாவற்றையும் இரட்டிப்பாக வைப்பது கொஞ்சம் ஊதாரித்தனம். சின்னப் பெட்டிகள் போதும், இல்லாவிட்டால் ஏடி அண்டு டி வழி. ஓரத்தில், வாடிக்கையாளரின் லைன் வந்து சேரும் இடத்தில், நிலைமை வேறு. ஒரு வங்கிக் கிளைக்கோ மருத்துவமனைக்கோ பெரும்பாலும் ஒரே ஒரு ஃபைபர்தான் வரும். அது வந்து சேரும் ரவுட்டர் விழுந்தால் மாற்று வழி கிடையாது. இரண்டு ரவுட் பிராசசர், அணைக்காமல் மாற்றும் கார்டு, விதவிதமான போர்ட்டுகளைக் கலந்து செருகும் வசதி எல்லாவற்றுக்கும் பொருள் கிடைப்பது அங்கேதான். சேசிஸுக்குக் கொடுக்கும் பணத்தை ஓரத்தில் கொடுங்கள், நடுவில் மிச்சம் பிடியுங்கள் என்பேன். வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு. மையத்தில் நிற்கும் பெட்டிக்குத்தான் கௌரவம்.

அளவும் பார்க்க வேண்டும். சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்க 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்த கடலடி கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர். அறிவித்த வேகம் போர்ட் பிளேருக்கு இரண்டு 200 ஜிகாபிட், மற்ற தீவுகளுக்கு இரண்டு 100 ஜிகாபிட். கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த டிராஃபிக்குக்கு ஏழு அடிக் கூடு வேண்டியதில்லை. சிறிய பெட்டிகள் இரண்டே தாராளம். ஆனால் ஓர் உதிரிக் கார்டு கப்பலிலோ விமானத்திலோ வந்து சேர வேண்டிய ஊரில், அந்த உதிரியை முன்கூட்டியே அலமாரியில் வாங்கி வைப்பது எந்த ரவுட்டர் என்பதைவிட முக்கியமாகிவிடும்.

தமிழ்நாட்டில் கேபிள் டிவி தொழிலிலிருந்து பிராட்பேண்டுக்கு வந்த சிறிய ஆபரேட்டர்கள் ஏராளம். சில பத்து ஜிகாபிட் ஓடும் ஊரளவு நிறுவனத்துக்குச் சேசிஸ் ரவுட்டர் தேவையில்லை, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பழைய பெட்டிகள் கரண்ட் பில்லிலேயே விலையைத் திருப்பி வாங்கிவிடும். பாதை அட்டவணைக்கு அவற்றில் இடமும் இருக்காது. இரண்டு சிறிய ரவுட்டர்களை இரண்டு வெவ்வேறு மின்தடத்தில், முடிந்தால் இரண்டு கட்டடங்களில் வையுங்கள். பெரிதோ சிறிதோ, காத்திருக்கும் உதிரிக்கு மாறுகிறதா என்று நள்ளிரவில் நேரம் ஒதுக்கி மாற்றிப் பாருங்கள். வருஷக்கணக்கில் சோதிக்காத ஸ்டாண்ட்பை இருந்தும் இல்லாததற்குச் சமம். அதற்கும் முன்னால், கன்சோல் போர்ட்டுக்கு உங்கள் ரவுட்டர் வழியாக வராத ஒரு தனி இணைப்பைக் கொடுத்து வையுங்கள். வேறு நிறுவனத்தின் 4ஜி சிம் ஒன்று போட்டாலும் போதும்.